கணக்குக்குப் பயந்து பாடம் மாறலாமா?

கேள்வி: அரசியல் அறிவியலில் ஒரு செமஸ்டர் முடித்திருக்கிறேன். பள்ளியில் விவாத மேடை என்றால் முதல் ஆளாக நிற்பேன், தேர்தல் செய்தி ஒன்றையும் விடமாட்டேன். அதனால்தான் சேர்ந்தேன். வகுப்பிலோ அரிஸ்டாட்டில், இறையாண்மை என்றே போகிறது. அடுத்த செமஸ்டரில் புள்ளியியல் கட்டாயம். எனக்குக் கணக்கு வரவே வராது. வீட்டில், “இதற்கு என்ன வேலை கிடைக்கும்? பொருளாதாரத்துக்கு மாறிக்கொள்” என்கிறார்கள். மாறிவிடட்டுமா?

பதில்: இப்போது வேண்டாம். கணக்குதான் பயம் என்றால், பொருளாதாரத்தில் அது இன்னும் கூடுதலாக இருக்கும்.

உங்கள் கடிதத்தில் வேறொன்று கண்ணில் பட்டது. அரசியலைக் கவனிப்பதும் அரசியல் அறிவியல் படிப்பதும் ஒன்றுதான் என்று நினைத்துச் சேர்ந்திருக்கிறீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் சேர்கிறார்கள், தப்பில்லை. வித்தியாசம் எங்கே என்று பார்க்க ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

100 வாக்குகள், மூன்று வேட்பாளர்கள். ஒருவருக்கு 40, அடுத்தவருக்கு 35, மூன்றாமவருக்கு 25. அதிக வாக்கு வாங்கியவருக்கே வெற்றி என்றால் 40 வாங்கியவர் ஜெயித்துவிட்டார். பிரான்ஸ் அதிபர் தேர்தலைப் போல, பாதிக்கு மேல் யாரும் வாங்காவிட்டால் முதல் இருவருக்கும் மறுசுற்று என்று வையுங்கள். அந்த 25 பேரும் இரண்டாமவர் பக்கம் சாய்ந்தால் அவர் 60-க்கு வந்துவிடுவார். வாங்கிய வாக்குக்கு ஏற்ற அளவில் இடம் தரும் விகிதாசார முறை என்றால் மூன்று தரப்புக்கும் சபையில் இடம் உண்டு, பெரும்பான்மை யாருக்கும் இல்லை, கூட்டணி பேசியாக வேண்டும். முதல் சுற்றில் ஒரு வாக்குகூட மாறவில்லை, ஆட்சி மூன்று விதமாக வருகிறது!

பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் துவர்ஜே 1950-களில் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். முதலில் சொன்ன, அதிக வாக்கு வாங்கியவருக்கே வெற்றி என்ற முறை இருக்கும் இடங்களில் நாளடைவில் இரண்டு பெரிய கட்சிகளே மிஞ்சும் என்றார். அப்படியானால் கனடாவிலும் இந்தியாவிலும் ஏன் அப்படி ஆகவில்லை? அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. அதில் நீங்களும் இறங்க வேண்டுமானால் பல நாடுகளின் தேர்தல் முடிவுகளை அடுக்கிவைத்துப் பார்க்கத் தெரிய வேண்டும். புள்ளியியல் வருவது அதற்காகத்தான். அரிஸ்டாட்டிலும் அவர் மாணவர்களும்கூட 158 அரசுகளின் அமைப்புகளைச் சேகரித்ததாகச் சொல்வார்கள். வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் அவர் உங்களுக்கு இவ்வளவு அந்நியமாகப் பட்டிருக்க மாட்டார்.

அந்த மூன்று கணக்கையும் போட்டபோது, “வேறு விதி வைத்தால் என்ன ஆகும்?” என்று கை துறுதுறுத்ததா? அப்படியானால் நீங்கள் இருக்க வேண்டிய வகுப்பில்தான் இருக்கிறீர்கள்.

இனி உங்கள் கணக்குப் பயம். அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தபோது, போதிய கணிதம் படிக்கவில்லை என்று இடம் கிடைக்கவில்லை. அரசியல் அறிவியலில் சேர்ந்தார். தெற்குக் கலிபோர்னியாவில் ஆளாளுக்கு நிலத்தடி நீரை இறைத்ததில் கடல்நீர் உள்ளே புகுந்துகொண்டிருந்தது. அங்கே இருந்தவர்கள் கூடிப்பேசி எப்படி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள் என்பதுதான் அவருடைய ஆய்வு. 2009-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். கணித மாதிரிகளைப் பின்னாளில் அவரும் பயன்படுத்தினார். தேவை வந்தபோது கற்றுக்கொண்டார். உங்களாலும் முடியும்.

வீட்டாரின் கவலையில் நியாயம் இருக்கிறது. பட்டத்தின் பெயர் மட்டும் வேலை வாங்கித் தராது. தரவைப் படித்து, அதைத் தெளிவாக நான்கு பக்கத்தில் எழுதத் தெரிந்தவருக்கு அரசு நிர்வாகம், ஊடகம், ஆய்வு நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள் என்று பல இடங்களில் வேலை இருக்கிறது. ஆகவே புள்ளியியலைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளிப்போடாதீர்கள். பொருளாதாரத்தைத் துணைப்பாடமாக எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள், வீட்டிலும் சமாதானமாவார்கள்.

அப்புறம், பேராசிரியரிடம் அனுமதி கேட்டு பல நாடுகளின் அரசியலை ஒப்பிட்டுப் பார்க்கும் மூன்றாம் ஆண்டு ஒப்பீட்டு அரசியல் வகுப்பில் ஒரு நாள் போய் உட்காருங்கள். முதல் செமஸ்டரை வைத்து இந்தப் பாடத்தை எடைபோட முடியாது. புள்ளியியலையும் ஒப்பீட்டு அரசியலையும் படித்த பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் தாராளமாக மாறுங்கள். மாறுவதற்குக் கடைசித் தேதி எது, இதுவரை படித்த தாள்களில் எவற்றைப் புதிய துறை ஏற்றுக்கொள்ளும் என்பதை மட்டும் இந்த வாரமே துறை அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.