வாசகர் கேள்வி – பதில்: பஸ்சில் ஏற ஏலாத அண்ணா

கேள்வி: எங்கள் கந்தோரில் ஒரு அண்ணா. ஒருநாள் பஸ்சில் நெஞ்சு படபடத்து, மூச்சுத் திணறி, சாகப்போகிறேன் என்று பாதியில் இறங்கியவர், இப்போது பஸ் பக்கமே போவதில்லை. ஈசிஜியில் ஒன்றும் இல்லையாம். வேலைக்குக் கள்ளம் என்கிறார்கள். 'ஆல் த லோங் நைற்ஸ்' என்ற ஜப்பான் படம் பார்த்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது. நான் என்ன செய்யலாம்?
— பெயர் வேண்டாம், மாங்குளம்

பதில்: கள்ளம் என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். ஷோ மியாகேயின் அந்தப் படத்தில் (2024) யமசோயே என்ற இளைஞனுக்கு இருப்பது, திடீர் திடீரென்று கடும் பயம் வந்து உடம்பை உலுக்கும் பதகளிப்பு நோய் (panic disorder), நீங்கள் எழுதியிருப்பதும் அது போலத்தான் தெரிகிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல வேண்டியவர் வைத்தியர். அந்தப் பதகளிப்பு பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் மெல்ல அடங்கிவிடும். அடங்கின பிறகுதான் பெரிய கரைச்சல்: திரும்ப வந்துவிடுமோ என்ற பயத்தில் பஸ், சனக்கூட்டம் என்று ஒவ்வொன்றாக விட்டுவிடுவார்கள். யமசோயேயும் ரயிலில் ஏற ஏலாமல் பெரிய வேலையை விட்டு, பிள்ளைகளுக்கான அறிவியல் கருவிகள் செய்யும் ஒரு சின்னக் கம்பனிக்கு வந்தவன்தான்.

வன்னியில் இதற்கு இன்னொரு பேச்சும் இருக்கிறது. "ஷெல்லுக்கே தப்பி வந்தவன், பஸ்சுக்கா பயம்?" கேட்கவே மனம் நோகிறது. உடம்பு அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை.

நீங்கள் செய்யக்கூடியது, தங்கச்சி, படத்தில் யமசோயேயோடு வேலை செய்யும் புஜிசாவா என்ற பெண் செய்வது மாதிரி ஏதாவது. சலூனுக்குப் போக ஏலாதவனின் வீட்டுக்குக் கத்தரிக்கோலோடு போய், தலைமயிரைக் கண்டபடி வெட்டிவிடுகிறாள், அவன் கண்ணாடியைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். அப்புறம் தன் சைக்கிளையும் கொடுக்கிறாள். புத்திமதி ஒன்றும் இல்லை. அண்ணாவுக்குத் திரும்ப வந்தால் பக்கத்தில் இருந்து, இது அடங்கிவிடும் என்று ஆறுதலாகச் சொல்லுங்கள், மூச்சை மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள், சுற்றி ஆட்களைக் கூட்டாதீர்கள்.

மாவட்ட வைத்தியசாலையில் உளநலப் பிரிவுக்குப் போகலாம், அங்கே போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று யோசித்தால் முதலில் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துப் பேசலாம். மருந்தும் உண்டு, பயந்த இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும் சிகிச்சையும் உண்டு. வைத்தியர் சரி என்றால் ஒருநாள் கூடப் போய், மாங்குளத்தில் ஏறி முறிகண்டியில் இறங்கி, பிள்ளையாரைக் கும்பிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்புங்கள். கிளிநொச்சி வரைக்கும் போவதைப் பிறகு பார்க்கலாம்.

கேள்வி: அதே படம்தான். சோடாப் போத்தல் திறக்கும் சத்தத்துக்கே அந்தப் பெண் ஏன் அப்படிச் சீறுகிறாள்? கடைசியில் காதலும் இல்லை, சுகமாகவும் இல்லையே?
— வாசகி, முல்லைத்தீவு

பதில்: புஜிசாவாவுக்கு இருப்பது பீஎம்எஸ் (PMS) என்ற உடல், மன உபாதை. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் வரும், மாதவிடாய் தொடங்கிச் சில நாளில் போய்விடும். அதனால்தான் அடுத்த நாள் எல்லோருக்கும் தின்பண்டம் வாங்கிக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்கிறாள். எங்கள் பெண்கள் இதைத் தாயிடம்கூட வாய்விட்டுச் சொல்வதில்லை, "குணம் சரியில்லாதவள்" என்ற பெயரைத்தான் சுமக்கிறார்கள். உங்களுக்கும் அப்படி இருந்தால் இரண்டு மூன்று மாதம் திகதியையும் அன்றைய மனநிலையையும் கொப்பியில் குறித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், வைத்தியருக்கு அது பெரிய உதவி.

காதல் இல்லாததுதான் எனக்குப் பிடித்தது. காதலித்தால்தான் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டுமா? கூட வேலை செய்கிறவர் என்பதே போதாதா?