ஜெர்க் பன்றி சுடலாம், ஆனால் கராஜுக்குள் வேண்டாம்

தம்பி, ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, வேலையிடத்தில் ஜமைக்காக்காரர் ஒருவர் தந்த ஜெர்க் பன்றியின், அதாவது காரமசாலா தடவிப் புகையில் வாட்டிய பன்றி இறைச்சியின், ருசி மறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தொடர்மாடிப் பால்கனியிலோ, பனிக்காலத்தில் நண்பரின் கராஜிலோ கரியில் சுடலாமா, எந்த அடுப்பு வாங்கலாம், எந்தப் போத்தல் சோஸ் நல்லது என்பவை உங்கள் கேள்விகள். அடுப்பும் சோஸும் கிடக்கட்டும். கராஜ் என்று வாசித்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது.

நான் வந்த முதல் குளிர்காலத்தில் நிலக்கீழ் அறை ஒன்றில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். சூடாக்கி பழுது. வீட்டுக்காரரிடம் எத்தனையோ முறை சொல்லியும் அவர் எட்டிப் பார்க்கவில்லை, வாடகைக்கு மட்டும் முதலாந்தேதி காலையிலேயே வந்து நிற்பார். ஒரு நாள் எங்களில் ஒருவர் இறைச்சி வாட்டக் கரி மூட்டினார். கணகணப்பாக இருக்கிறதே என்று யன்னலையும் சாத்திவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் தலையிடி, ஒருவர் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தார். இரவு வேலை முடிந்து வந்தவர் கதவைத் திறந்ததால் உயிர் பிழைத்தோம்.

எங்களைச் சாய்த்தது கரியிலிருந்து வரும் கார்பன் மோனோக்சைடு என்ற நச்சுவாயு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை அடங்கிச் செந்தணலாகக் கிடக்கும் கரியிலிருந்தும் அது வந்துகொண்டே இருக்கும். கராஜ் கதவைப் பாதி திறந்து வைத்தாலும் போதாது. பெரும்பாலான தொடர்மாடிகளில் பால்கனியில் கரி மூட்ட நிர்வாகம் விடாது, வாடகை ஒப்பந்தத்தை முதலில் வாசியுங்கள். பின்வளவு உள்ள உறவினர் வீட்டில், சுவரை விட்டுத் தள்ளி, திறந்தவெளியில் சுடுங்கள். இல்லாவிட்டால் கோடை வரட்டும், பூங்காக்களில் இதற்கென ஒதுக்கிய இடங்கள் உண்டு.

அடுத்தது விறகு. காசு மிச்சம் என்று உடைந்த பலகைகளையும் பொதி ஏற்றும் மரத்தட்டுகளையும் எரிப்பவர்களை இங்கே பார்த்திருக்கிறேன். அவற்றில் பூச்சி அரிக்காமலிருக்க மருந்து ஏற்றியிருக்கலாம், அந்தப் புகை இறைச்சியில்தான் படியும். ஜெர்க்குக்கு உயிரே புகைதான். 1655இல் ஆங்கிலேயர் ஜமைக்காவை ஸ்பானியரிடமிருந்து பிடித்தபோது, அடிமைத்தளையிலிருந்து தப்பி மலையேறிய மரூன்கள், காட்டுப்பன்றியைக் காரமும் உப்பும் தடவி வாட்டிய வழி இது. ஜமைக்காவின் போர்ட்லண்ட் பகுதியில், பொஸ்டன் பேயில், இன்றும் பச்சைப் பிமென்டோ (ஓல்ஸ்பைஸ்) மரக் கம்புகளை அடுக்கி, அவற்றின்மேல் இறைச்சியைப் பரப்பி, தகரத்தால் மூடிச் சுடுகிறார்கள். அந்த விறகு நமக்கு எளிதில் கிடைக்காது. பிமென்டோ விதையையே நனைத்து, பிரிஞ்சி இலையோடு தணலில் தூவினால் ஓரளவு அந்த வாசம் வரும்.

இரண்டு கிலோ தோள்பட்டை இறைச்சிக்கு நான்கு ஸ்கொட்ச் பொனட் மிளகாய், இரண்டு மேசைக்கரண்டி பிமென்டோ, ஒரு கட்டு வெங்காயத்தாள், தைம், இஞ்சி, உள்ளி, கொஞ்சம் சாதிக்காய், தேசிக்காய்ச்சாறு, உப்பு போதும். எல்லாவற்றையும் அரைத்து, கீறிய இறைச்சியில் தடவி ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நம் ஊர் நைமிளகாயின் இனம்தான் ஸ்கொட்ச் பொனட். மிளகாய் நமக்குப் புதிதா என்ற வீராப்பு வேண்டாம், கையுறை போடுங்கள். சுடும்போது தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, இறைச்சியை மறுபக்கம் வைத்து மூடுங்கள். நேரே வைத்தால் கொழுப்பு சொட்டித் தீ எழும்பும், வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். உள்வெப்பம் 71 பாகை செல்சியஸ் தொட்டால் உண்ணப் பாதுகாப்பானது, ஆனால் தோள்பட்டை மெத்தென்று வர 90 வரை போக வேண்டும். மூன்று நான்கு மணித்தியாலம் பிடிக்கும்.

எங்கள் ஆட்களைப்பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்த நகரத்தில் பிள்ளை குட்டி பெற்று, பேரப்பிள்ளையும் கண்டவர்கள், பக்கத்துக் கரீபியன் கடைக்குள் ஒருநாளும் காலடி வைத்ததில்லை. “அவங்களோட சேராதே” என்று புதிதாய் வருபவர்களுக்குப் புத்தி வேறு சொல்வார்கள். எனக்குக் கோபம் வரும். பனிக்குள் எப்படி உடுத்துவது, பிடித்துவைத்த சம்பளத்தை முதலாளியிடம் எப்படிக் கேட்பது என்றெல்லாம் சொல்லித் தந்தவர் என்னோடு தொழிற்சாலையில் நின்ற ஜமைக்கா மனிதர்தான். எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்காக வெட்டி அவரே செய்த அடுப்பில்தான் நான் ஜெர்க் பழகினேன். எக்ளிங்டன் மேற்குத் தெருவில், கரீபியன் கடைகள் நிறைந்த லிட்டில் ஜமைக்காவுக்கு முதலில் கூட்டிப் போனவரும் அவரே. அங்கே எல்லாக் கடையிலும் பன்றி இருக்காது. ஜமைக்காவில் பிறந்த ரஸ்தபாரி சமயத்தைச் சேர்ந்தவர்கள் அதைத் தொடமாட்டார்கள், கேட்கும்போது மரியாதையாகக் கேளுங்கள்.

அந்தக் கடைகளில் ஈரப்பலாக்காயும் மரவள்ளியும் குவிந்து கிடப்பதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஈரப்பலாவை அவர்கள் முழுதாகத் தணலில் போட்டுத் தோல் கருகச் சுட்டு, சீவி, ஜெர்க்கோடு தின்பார்கள். அதையும் ஒன்று வாங்கி, பன்றி வேகும் தணலிலேயே போடுங்கள், ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் வெந்துவிடும்.