ஹால்மார்க் இருந்தால் போதாதா?

கேள்வி: தை மாதம் மகளுக்குக் கல்யாணம். கும்பகோணத்தில் நகை எடுக்கப்போகிறோம். மகளோ, "காங்கோவில் ஆயுதக் குழுக்கள் சுரங்கத்தைப் பிடித்து வைத்து விற்கிற தங்கம் நம் கடைகளுக்கும் வரும், எனக்குப் புது நகை வேண்டாம்" என்கிறாள். ஹால்மார்க் உள்ளதாக வாங்கினால் அந்தக் கவலை இல்லைதானே?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: அந்தக் கவலைக்கு ஹால்மார்க் உதவாது. 916 என்பது 22 காரட் தரம். கூடவே பொறித்திருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க அடையாளத்தை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் கடையும் சோதித்த மையமும் தெரியும். எந்த மண்ணில் தோண்டியது என்று தெரியாது.

மகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. கிழக்குக் காங்கோவின் தங்கம் உகாண்டா, ருவாண்டா வழியாகத் துபாய்க்குக் கடத்தப்படுவதை ஐநா நிபுணர் குழு பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. கட்டியாக உருக்கிவிட்டால் ஊர் தெரியாது. கொள்ளிடத்தில் ராத்திரி அள்ளிய மணலைச் சுவரில் பூசிய பிறகு யாரால் கண்டுபிடிக்க முடியும்? கோலார் தங்கச் சுரங்கத்தை 2001-இல் மூடியாயிற்று. இந்தியாவில் இப்போது தோண்டி எடுப்பது ஆண்டுக்கு ஓரிரு டன்தான், நாம் வாங்குவதோ 700 டன் போல.

அதனால் முதலில் வீட்டுப் பெட்டியைத் திறங்கள். அறுந்த சங்கிலி, ஜோடி தொலைந்த தோடு, யாரும் போடாத அட்டிகை எல்லாவற்றையும் மாற்றிச் செய்யலாம். அதற்காக யாரும் புதுக் குழிக்குள் இறங்க வேண்டியதில்லை. கடைக்குப் போகும் முன் ஹால்மார்க் மையத்தில் சிறு கட்டணம் கட்டித் தரத்தைச் சோதித்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கடைக்காரர் சொல்வதுதான் தரம். சேதாரம், செய்கூலியை முன்பே பேசி, பில்லில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

மீதிக்குப் புதுத் தங்கம் வாங்கினால், கட்டி எந்தச் சுத்திகரிப்பு ஆலையுடையது என்று கேளுங்கள். லண்டன் தங்கச் சந்தைச் சங்கத்தின் பட்டியலில் உள்ள ஆலைகள், தங்கம் வந்த வழிக்குத் தணிக்கை காட்டியாக வேண்டும். அது முழு உத்தரவாதம் ஆகாது. கடையில் பதிலும் வராமல் போகலாம். ஆனாலும் கேளுங்கள், கல்யாண நகை எடுக்க வந்தவர் கேட்டால் முதலாளி காதில் போட்டுக்கொள்வார்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். ஆப்பிரிக்கத் தங்கமே வேண்டாம் என்பதும் சரியில்லை. காங்கோ, அதன் அண்டை நாடுகளின் தகரம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகிய உலோகங்கள் தங்கள் பொருளில் இருக்கின்றனவா என்று நிறுவனங்கள் அறிவிக்க 2010-இல் அமெரிக்கா சட்டம் போட்டது. பல நிறுவனங்கள் வம்பே வேண்டாம் என்று அந்தப் பக்கத்தையே விட்டு விலகின. கையால் தோண்டிப் பிழைத்த குடும்பங்கள்தான் தவித்தன. அவர்களுக்கு வேண்டியது நேர்மையான விலை, இடியாத சுரங்கம், பாதரசம் இல்லாமல் தங்கம் பிரிக்கும் வசதி.

கேள்வி: செல்போன் நன்றாக இருக்கிறது, சார்ஜ் மட்டும் நிற்பதில்லை. எக்ஸ்சேஞ்சில் புதுசு வாங்கலாமா?
- ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: பேட்டரியை மாற்றுங்கள், போதும். போனுக்குள் இருக்கும் டான்டலமும் இதே கதைதான். உலக டான்டலத்தில் சுமார் 15 சதவீதம் தருகிற காங்கோவின் ருபாயா சுரங்கங்களை 2024-இல் எம்23 ஆயுதக் குழு பிடித்தது. என்றாவது போனைக் கழிக்கும்போது காயலான் கடையில் போடாதீர்கள். அங்கிருந்து போகும் போர்டை எரித்தும் அமிலத்தில் கழுவியும் உலோகம் எடுப்பார்கள். பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.