மீன் தண்ணி பட்ட க்யூஆர், அடில மாட்டிக்கிட்ட கண்டெய்னர்: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல கம்ப்யூட்டர் ஆராய்ச்சி பத்திதான், அதுவும் காசிமேடு, வியாசர்பாடி, திருவொற்றியூர்னு நம்ம பக்கத்துல இருந்தே வந்துருக்கு, படிக்கும்போது ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. நாலு மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: மீன் விக்கிறேன். என் க்யூஆர் அட்டைல செதில் ஒட்டி, ஐஸ் தண்ணி பட்டு, ஒரு பக்கம் கிழிஞ்சும் போச்சு. இருந்தாலும் ஸ்கேன் பண்ணா காசு சரியா ஏறுது. எப்படிங்க?
(ஒரு வாசகி, காசிமேடு)

பதில்: அக்கா, இத கேட்டதுக்கே உங்களுக்கு நன்றி சொல்லணும், ஏன்னா தெனம் ஆயிரம் பேர் ஸ்கேன் பண்றாங்க, இத யாரும் யோசிக்கறதில்ல. அந்த அட்டைல உங்க கணக்கு விவரம் மட்டும் இல்ல, அது அழிஞ்சா திருப்பி கண்டுபிடிக்கறதுக்கு கூடுதல் விவரமும் சேத்தே அச்சடிச்சிருக்காங்க. ஒரு கட்டம் போட்ட தாள்ல ரெண்டு புள்ளி வெச்சு ஸ்கேலால ஒரு கோடு போடுங்க, அதே கோட்டு மேல இன்னும் மூணு புள்ளி வைங்க. இப்ப மொத்தம் அஞ்சு. அதுல எந்த மூணு அழிஞ்சாலும் மிச்சம் இருக்கற ரெண்ட வெச்சு அதே கோட்ட திரும்ப போட்றலாம். அழியாம ஒரு புள்ளி மட்டும் எடம் மாறி இருந்தா? மத்த நாலும் நேரா நிக்கும், இது மட்டும் வெளிய தள்ளி நிக்கும், தப்பு எதுன்னு அதுவே காட்டி குடுத்துரும். க்யூஆர்ல நடக்கறது இதுதான், என்ன, நேர்கோட்டுக்கு பதிலா இன்னும் சிக்கலான வளைவு.

இந்த யோசனைய 1960ல அமெரிக்காவுல எம்ஐடியோட லிங்கன் லேப்ல வேலை பாத்த இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன்னு ரெண்டு பேர் வெறும் அஞ்சு பக்க ஆராய்ச்சி பேப்பரா எழுதுனாங்க. அப்ப அத வேகமா கணக்கு போட வழியே கெடையாது, பெர்லிகேம்ப், மாஸின்னு ரெண்டு பேர் 1960கள் கடைசில அதுக்கு வழி கண்டுபிடிச்சாங்க. அப்புறம் வாயேஜர் விண்கலம் யுரேனஸ் கிட்டருந்து படம் அனுப்புனப்போ இதான் உதவுச்சு, சிடில கீறல் விழுந்தாலும் பாட்டு ஓடுனது இதாலதான். 1994ல ஜப்பான்ல டென்சோ கம்பெனில மசாஹிரோ ஹாரான்னு ஒரு இஞ்சினியர், கார் பார்ட்ஸ் கணக்கு வெக்கறதுக்காக க்யூஆர் செஞ்சப்போ இதையே உள்ள வெச்சாரு. நாலு அளவு இருக்கு, கொறஞ்சதுல சுமார் 7 சதவீதம் அழிஞ்சா தாங்கும், அதிகமானதுல 30 சதவீதம் வரைக்கும். நடுவுல லோகோ வெச்சு அச்சடிக்க முடியறதும் அதனாலதான்.

ஆனா மூணு மூலைல பெரிய கட்டம் இருக்கு பாருங்க, அத மட்டும் காப்பாத்துங்க, அட்டை எங்க இருக்கு எப்படி திரும்பி இருக்குன்னு போன் அத வெச்சுதான் கண்டுபிடிக்குது. இன்னொண்ணு, இந்த கணக்கு அச்சுல இருக்கற தப்பதான் திருத்தும், உங்க அட்டை மேல வேற ஒருத்தன் அவன் அட்டைய ஒட்டிட்டு போனா அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது. அதனால காலைல கடை போட்டதும் உங்க போன் இல்லாம வேற ஒரு போன்ல ஸ்கேன் பண்ணி உங்க பேர்தான் வருதான்னு ஒரு தடவ பாத்துருங்க.

கேள்வி: டிரெய்லர் ஓட்றேன். யார்டுக்குள்ள போனா என் பாக்ஸ் (கண்டெய்னர்) அடில இருக்கு, மேல நாலு இருக்குன்னு நிக்க வெக்கறாங்க. இவ்ளோ கம்ப்யூட்டர் இருக்கே, இத சரி பண்ண மாட்டாங்களா?
(ஒரு வாசகர், திருவொற்றியூர்)

பதில்: அண்ணே, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல ராத்திரி முழுக்க வண்டிக்குள்ளயே ஒக்காந்திருக்கறவங்கள நானும் பாத்துருக்கேன், அதனால இத லேசா சொல்லிட்டு போக மனசு வரல. அந்த தாமதத்துக்கு ரோடு, கேட்டு, பேப்பர் வேலைன்னு பல காரணம் இருக்கு, ஆனா நீங்க கேட்ட அந்த அடுக்கு விஷயம் நெஜமாவே கஷ்டமான கணக்குதான். அடில இருக்கறத எடுக்க மேல இருக்கற நாலையும் வேற எங்கியாவது வெக்கணும், அங்க வெச்சது நாளைக்கு வேற யாரோ ஒருத்தரோட பாக்ஸ மறைக்கும். மொத்தத்துல கம்மியா தூக்கி வெக்கற மாதிரி ஒரு திட்டம் போடறது என்பி-ஹார்டுன்னு 2012ல நிரூபிச்சிட்டாங்க. அப்படின்னா பாக்ஸ் எண்ணிக்கை ஏற ஏற, எப்பவும் மிகச் சிறந்த விடைய சீக்கிரம் குடுக்கற முறைன்னு எதுவும் இதுவரைக்கும் யார்கிட்டயும் இல்ல. அப்படி ஒண்ணு இருக்கவே முடியுமா முடியாதான்னு சொல்றவங்களுக்கு அமெரிக்காவுல கிளே கணித நிறுவனம் 2000ல இருந்து பத்து லட்சம் டாலர் பரிசு வெச்சிருக்கு, இன்னும் யாரும் வாங்கல.

அதுக்காக கைய கட்டிட்டு இருக்க வேணாம், ஓரளவு நல்ல விடைய வேகமா தர முறைங்க நெறைய இருக்கு. அதுக்கு மொதல்ல எந்த வண்டி எப்ப வரும்னு யார்டுக்கு தெரியணும். வண்டி வர்ற நேரத்த முன்னாடியே பதிவு பண்ற ஸ்லாட் புக்கிங் எங்கல்லாம் ஒழுங்கா நடக்குதோ அங்க கிரேன் வீணா தூக்கறது கொறையும். உங்க நேரத்தையும் ஒரு செலவா கணக்குல சேக்கணும்ங்கறது என் ஆசை, ஏன்னா கிரேனோட நேரத்த மட்டும் மிச்சம் பண்ற மாதிரி கணக்கு போட்டா டிரைவர் ரோட்லயே நிப்பாரு, கம்ப்யூட்டர் அதையும் சரியான விடைன்னுதான் சொல்லும்.

கேள்வி: மூணாவது வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கறேன். 1959ல வந்த டெய்க்ஸ்ட்ரா அல்காரிதம்தான் இன்னும் நடத்தறாங்க. இதுல புதுசா கண்டுபிடிக்க என்ன இருக்கு, எல்லாம்தான் முடிஞ்சு போச்சே?
(ஒரு மாணவர், வியாசர்பாடி)

பதில்: முடியவே இல்ல தம்பி, நீ சொன்ன, கொறஞ்ச தூர வழிய கண்டுபிடிக்கற அந்த அல்காரிதம்லயே போன ரெண்டு வருஷத்துல ரெண்டு பெரிய சமாச்சாரம் வந்துருக்கு. மழை நாள்னு வெச்சுக்கோ, கணேசபுரம் சப்வேல தண்ணி நிக்குது, நீ விம்கோ நகர் போகணும். டெய்க்ஸ்ட்ரா முறை என்ன பண்ணும், உங்க வீட்டுக்கு ரொம்ப கிட்ட இருக்கற சந்திப்ப மொதல்ல முடிக்கும், அடுத்து கிட்ட இருக்கறது, அதுக்கு அடுத்ததுன்னு போயிட்டே இருக்கும். அதாவது வழி கண்டுபிடிக்கற சாக்குல எல்லா சந்திப்பையும் தூரப்படி வரிசையா அடுக்கிருது. அடுக்கறதுக்கு இவ்ளோ நேரம் ஆகியே தீரும்னு கணக்கு இருக்கறதால, அதுக்கு கீழ போக முடியாதுன்னு பல வருஷமா நெனச்சிட்டு இருந்தாங்க. 2024ல ஒரு குழு, அந்த வரிசையும் சேத்து வேணும்னா, சரியான ஹீப்போட (அடுத்து கிட்ட இருக்கறது எதுன்னு சட்டுனு எடுத்து குடுக்கற அடுக்கு) டெய்க்ஸ்ட்ராவ மிஞ்ச வழியே இல்லன்னு நிரூபிச்சாங்க. அடுத்த வருஷமே, 2025ல, சீனாவுல சிங்ஹுவா பல்கலைக்கழகத்துல ரான் டுவான் குழு, வரிசை வேணாம் தூரம் மட்டும் போதும்னா அந்த எல்லைக்கு கீழயும் போலாம்னு காட்டி ஸ்டாக்ங்கற (STOC) கம்ப்யூட்டர் ஆராய்ச்சி மாநாட்டுல சிறந்த பேப்பர் விருது வாங்குனாங்க. ரெண்டும் உண்மை, ஒண்ணுக்கொண்ணு முரண் கெடையாது, கேள்விய கொஞ்சம் மாத்தி கேட்டதுல கதவு தெறந்துருக்கு. இத படிச்ச அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல.

ஆனா நாளைக்கே உன் போன் மேப் வேகமாயிடும்னு நெனைக்காத. ஊர் ரோடுங்களுக்கு முன்கூட்டியே குறுக்கு வழிங்கள கணக்கு போட்டு வெச்சுக்கற முறை ஜெர்மனில கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழக ஆளுங்க 2008லயே குடுத்துட்டாங்க, அது ஏற்கனவே ரொம்ப வேகம். புது முறை எழுதவும் சிக்கல், ரொம்ப பெரிய வலைப்பின்னல்லதான் அதோட பலன் தெரியும்.

இன்னொண்ணும் சொல்றேன், இது உனக்காகவே. ஹாஷ் டேபிள் படிச்சிருப்ப, தகவல போட்டு வெச்சு வேகமா தேடி எடுக்கற அட்டவணை. மெட்ரோ ஸ்டேஷன் பைக் ஸ்டாண்ட் 99 சதவீதம் நெரம்பி இருக்கு, நூத்துல ஒரு எடம்தான் காலின்னு வை, எடம் தேட ரொம்ப மோசமான நெலமைல சுமார் நூறு தடவ பாக்க வேண்டி வரும், சாதாரண முறைங்கள்ல இதவிட நல்லா செய்ய முடியாதுன்னு 1985ல ஆண்ட்ரூ யாவ் சொன்னாரு, அவரு கம்ப்யூட்டர் துறையோட பெரிய விருதான டூரிங் விருது வாங்குனவரு. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துல உன்ன மாதிரி இளங்கலை படிச்சிட்டு இருந்த ஆண்ட்ரூ கிராபிவின்னு ஒரு பையன், யாவ் இப்படி சொன்னதே தெரியாம வேற ஒரு பேப்பர படிச்சிட்டு அத நோண்டிட்டு இருந்தவன், அதவிட ரொம்ப கம்மியான தேடல் போதும்னு கண்டுபிடிச்சிட்டான். ஃபராக்-கோல்டன், குஸ்மால்னு ரெண்டு பேரோட சேந்து 2025 ஜனவரில பேப்பர் வந்துச்சு. அந்த பேப்பர் ஆர்க்கைவ்ங்கற (arXiv) தளத்துல இலவசமா இருக்கு, அந்த தளம் 1991ல இருந்து நடக்குது, யார் வேணா டவுன்லோட் பண்ணலாம். மொதல் தடவ படிக்கும்போது நிரூபணத்துல மாட்டிக்காத, முன்னுரைய மட்டும் மூணு தடவ படி, ஒரு பேப்பரும் பேனாவும் பக்கத்துல வெச்சுக்கோ. வீட்ல எடம் இல்லன்னா கொளத்தூர் முதல்வர் படைப்பகத்துல போய் ஒக்காரு.

கேள்வி: பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கேன். ஏஐ கிட்ட இங்கிலீஷ்ல கேட்டா நல்லா சொல்லுது, தமிழ்ல கேட்டா மெதுவா வருது, சில சமயம் பாதில நின்னுடுது. தமிழ் அவ்ளோ கஷ்டமா?
(ஒரு வாசகி, பெரம்பூர்)

பதில்: தமிழ் கஷ்டம் இல்ல டீச்சர், தமிழ அது வெட்ற விதத்துலதான் கோளாறு. ஏஐ எழுத்த எழுத்தா படிக்காது, டோக்கன்னு துண்டு துண்டா வெட்டி படிக்கும். வெட்ற முறை பைட் பேர் என்கோடிங்னு பேரு, 1994ல ஃபிலிப் கேஜ்னு ஒருத்தர் ஃபைல சுருக்கறதுக்காக எழுதுனது, அத 2016ல எடின்பரோ ஆளுங்க மொழிபெயர்ப்புக்கு கொண்டு வந்தாங்க. கம்ப்யூட்டர் எழுத்த சேமிக்கற சின்ன அலகு பைட், அடிக்கடி சேந்து வர்ற பைட்டுங்கள ஒரே துண்டா ஒட்டிக்கும், அவ்ளோதான். எது அடிக்கடி வரும்? அதுகிட்ட குடுத்த குவியல்ல எது அதிகமோ அது, அதாவது இங்கிலீஷ்.

எங்க ஊர் பேரையே எடுத்துக்கோங்க. தண்டையார்பேட்டை, நமக்கு எட்டு எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் குடுக்கற யூனிகோட் முறைல 15 குறியீடு, ஏன்னா டை-க்கு ட தனி, அந்த கொம்பு தனி, மெய்யெழுத்துன்னா புள்ளி தனி. ஒவ்வொண்ணும் 3 பைட், ஆக மொத்தம் 45 பைட். இதே பேர இங்கிலீஷ்ல எழுதுனா பத்தே எழுத்து, 10 பைட். ஒட்டறதும் சரியா நடக்கலன்னா அந்த ஒரு பேரே கொத்தா பல டோக்கனா ஒடஞ்சிரும். டோக்கன் அதிகம்னா நேரம் அதிகம், ஏபிஐ வழியா, அதாவது தங்களோட ஆப்ல ஏஐய இணைச்சு, காசு கட்றவங்களுக்கு செலவு அதிகம், பதில் நீளத்துக்கு இருக்கற வரம்பும் சீக்கிரம் முடிஞ்சு பாதில நின்னுடும். 2023ல ஆக்ஸ்ஃபோர்ட் ஆளுங்க ஒரே விஷயத்த பல மொழில குடுத்து எண்ணி பாத்தாங்க, சில மொழிக்கு 15 மடங்கு வரைக்கும் வித்தியாசம் வந்துச்சு.

இத கேள்விப்பட்டப்போ எனக்கு வருத்தமா இருந்துச்சு, நம்ம புள்ளைங்க நம்ம மொழில கேட்டதுக்காக கம்மியா கெடைக்கணுமான்னு. ஆனா பேப்பர் வந்தா பலன் வருது. 2024 மே மாசம் ஓப்பன்ஏஐ புது வெட்டு முறை கொண்டு வந்தப்போ அவங்க காட்டுன உதாரணத்துல தமிழ் வாக்கியம் 116 டோக்கன்ல இருந்து 35க்கு எறங்குச்சு. நம்ம ஊர்லயே ஐஐடி மெட்ராஸ்ல ஏஐ4பாரத்னு ஒரு குழு இருக்கு, 22 இந்திய மொழிக்கும் சேத்து 2023ல இண்டிக்டிரான்ஸ்2ன்னு மொழிபெயர்ப்பு மாடல் போட்டாங்க, யார் வேணா எடுத்து பயன்படுத்தலாம்.

பேச்சு விஷயம்தான் இன்னும் பின்னாடி இருக்கு. நியூஸ் வாசிக்கற தமிழ் அதுக்கு புரியும், நம்ம ஏரியா பேச்சுல வேகமா பேசுனா தடுமாறுது, ஏன்னா அந்த குரல் குவியல்ல நம்ம குரல் கம்மி. மோசில்லா நடத்தற காமன் வாய்ஸ்ல தமிழ் இருக்கு, தெரையில வர்ற வாக்கியத்த படிச்சு குரல குடுக்கலாம், ஆராய்ச்சி பண்றவங்க எல்லாரும் அத இலவசமா எடுத்துக்கலாம். நான் போன மாசம் ராத்திரி ஒக்காந்து நூறு வாக்கியம் படிச்சேன். உங்க பசங்க பெத்தவங்களையும் படிக்க சொல்லுங்க, நியூஸ் மாதிரி படிக்க வேணாம், வீட்ல பேசற அதே இழுவைல படிக்கட்டும். ஃபேன மட்டும் ஆஃப் பண்ணிக்கணும், ஜன்னல் பக்கம் ரயில் சத்தம் வந்தா அந்த வாக்கியத்த திரும்ப ஒரு தடவ படிக்கணும்.