ரத்தப் பரிசோதனையில் ‘நோய் இல்லை’ என்று வந்தால் நம்பலாமா?

கேள்வி: உசிலம்பட்டி அருகே மூன்று கலப்பின ஜெர்சிப் பசுக்களை வைத்துப் பால் ஊற்றி வருகிறேன். ஐந்து வயதுப் பசு ஒன்று, இரண்டாவது கன்று ஈன்றதிலிருந்து இரண்டு மாதமாகத் தண்ணீராய்க் கழிகிறது. தீனி குறையவில்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் விலா எலும்பு தெரிகிறது. குடற்புழு மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. ரத்தப் பரிசோதனையில், குடலைத் தாக்கும் பாக்டீரியா நோயான ஜோனிஸ் நோய் என்றார்கள். மற்ற இரண்டு பசுக்களுக்கும் ‘நோய் இல்லை’ என்று வந்துள்ளது. அதை நம்பலாமா? கிருமியின் புரதத்தைக் கொண்டு செய்யும் பரிசோதனை என்கிறார்களே, அது என்ன?
(வாசகர், உசிலம்பட்டி)

பதில்: இப்போதைக்கு முழுமையாக நம்ப வேண்டாம். எலைசா எனப்படும் அந்த ரத்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக மாட்டின் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. இந்நோய் பெரும்பாலும் கன்றுப் பருவத்திலேயே சாணம் பட்ட மடி, பால், சீம்பால் வழியாகத் தொற்றி, இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை வெளியே தெரியாமல் குடலில் தங்கிவிடுகிறது. அந்தக் காலத்தில் உடல் முதலில் தன் செல்களைக் கொண்டே கிருமியை எதிர்க்கிறது. எதிர்ப்பொருள் ரத்தத்தில் போதிய அளவு சேர்வது நோய் முற்றும்போதுதான். அதற்கு முன்பே சாணத்தில் கிருமி வெளியேறத் தொடங்கிவிடலாம் என்பதே நம் கவலைக்குக் காரணம். மேலூர்ப் பக்கம் இந்நோயால் இறந்த ஒரு பசுவின் சிறுகுடல் கடைப்பகுதியைப் பிளந்து பார்த்தேன். உட்சுவர் தடித்து, விரலால் இழுத்தாலும் விரியாத மடிப்பு மடிப்பாக இருந்தது. அந்த நிலைக்கு வர ஆண்டுகள் ஆகியிருக்கும்.

புரதம் பற்றிய உங்கள் கேள்வி இங்கேதான் பொருந்துகிறது. எதிர்ப்பொருளைப் பிடிக்கத் தூண்டிலில் இரை போல ஓர் ஆன்டிஜென், அதாவது எதிர்ப்பொருள் வந்து ஒட்டிக்கொள்ளும் கிருமியின் பொருள், வேண்டும். கிருமியை அப்படியே நொறுக்கி எடுத்த சாற்றை ஆன்டிஜெனாக வைத்தால், அதில் கோழிக் காசநோய், மாட்டுக் காசநோய்க் கிருமிகளுக்கும், மண்ணில் வாழும் தீங்கற்ற உறவுக் கிருமிகளுக்கும் பொதுவான புரதங்கள் கலந்திருப்பதால், நோயில்லாத மாட்டையும் நோயுள்ளதாகக் காட்டக்கூடும். இதைத் தவிர்க்கவே, சோதிக்கும் முன் ரத்தநீரை மைக்கோபாக்டீரியம் ஃப்ளெய் என்ற வேறொரு கிருமியோடு கலந்து, பொதுவான எதிர்ப்பொருள்களை உறிஞ்சி அகற்றுகிறார்கள். 2005-இல் ஜோனிஸ் கிருமியின் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியான பிறகு, அதற்கே உரிய புரதங்களைத் தனித்தனியாக ஆய்வகத்தில் உற்பத்தி செய்து, எவை தொடக்க நிலையிலேயே எதிர்ப்பொருளைத் தூண்டுகின்றன என்று தேட முடிகிறது. எல்லா மாடுகளும் ஒரே புரதத்துக்கு எதிர்ப்பொருள் உண்டாக்குவதில்லை; ஆகவே ஒன்றை மட்டும் நம்பாமல் சிலவற்றைச் சேர்த்து வைப்பதே சரியான வழி என்று நான் கருதுகிறேன்.

கழியும் பசுவுக்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. அதைச் சந்தையில் தள்ளிவிடாதீர்கள். நோய் இன்னொருவர் கொட்டகைக்குப் போய்விடும். தனியே கட்டுங்கள். அதன் பாலைக் கன்றுகளுக்குக் கொடுக்க வேண்டாம், சாணத்தைத் தீவனப் புல் வயலில் இடவும் வேண்டாம். மற்ற இரண்டுக்கும் ஆறு மாதம் கழித்து ரத்தத்தை மறுபடி சோதிப்பதோடு, இப்போதே சாணத்தில், கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் பரிசோதனை செய்ய முடியுமா என்று உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். மாதிரியைத் தரையில் கிடக்கும் சாணத்திலிருந்து அள்ளாமல், மருத்துவர் கையுறையணிந்து மலக்குடலிலிருந்தே எடுத்து, ஐஸ் வைத்து அன்றே அனுப்பும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.