கைவினை கேள்வி பதில்: பயண நோட்டு வாய் பிளக்காமல் இருக்க

ஊருக்குப் போய்வந்ததும் படம், டிக்கெட், துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் ஒட்டுகிறேன். பாதி நிறைவதற்குள் நோட்டு விசிறி மாதிரி விரிந்து முதுகு கிழிந்துவிடுகிறது. நானே நோட்டு கட்டினால் சரியாகுமா?
– வாசகி, தேனி

சரியாகும். கடை நோட்டின் முதுகு வெறும் தாளின் கனத்துக்கு அளந்து கட்டியது. நீங்கள் ஒட்டும் ஒவ்வொரு படமும் வெளி விளிம்பில் கனத்தைக் கூட்டுகிறது, முதுகில் கூட்டுவதில்லை. அதனால்தான் வாய் பிளக்கிறது. கட்டும்போதே முதுகில் அந்தக் கனத்துக்கு இடம் விட வேண்டும்.

22க்கு 30 அங்குலக் கைத்தாள் (கையால் செய்த தாள்) இரண்டு வாங்குங்கள். கனம் 150 முதல் 200 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) போதும். புதுச்சேரியில் 1959 முதல் நடக்கும் அரவிந்தர் ஆசிரமக் கைத்தாள் ஆலையின் தாள்கள் இதற்கு மிகப் பொருத்தம். பருத்தி நாரில் செய்த தாள் சீக்கிரம் பழுக்காது. ஏ4 தாளை மடித்துக் கட்ட வேண்டாம். அதில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். இரண்டாக மடித்தால் நாரை முறித்துத்தான் மடிக்கிறோம். மடிப்பு வெடிக்கும், பக்கம் படியாது. கைத்தாளில் நார் பல திசையிலும் பின்னிக் கிடப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

ஒவ்வொரு தாளையும் 28க்கு 19 செ.மீ. துண்டுகளாக எட்டாக வெட்டுங்கள். மூன்று துண்டை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தால் ஒரு பாரம். இப்படி ஐந்து பாரம், 60 பக்கம். ஒரு துண்டு மிஞ்சும்.

இனிதான் முக்கியம். 4 செ.மீ. அகலம், 19 செ.மீ. நீளத்தில் பட்டைகள் வெட்டி, நீளவாக்கில் மடித்து, பாரத்துக்கு இரண்டு வீதம் தாள்களுக்கு இடையில் செருகுங்கள். மிஞ்சிய துண்டிலேயே ஏழு பட்டை கிடைக்கும். மற்ற மூன்றை வேறு கெட்டித் தாளில் வெட்டலாம். ஒரு பட்டை மடிப்பின் இருபுறமும் ஒவ்வோர் அடுக்காக நின்று, ஏறக்குறைய இரண்டு புகைப்படங்களின் கனத்தை ஈடுகட்டும். அதற்கு மேல் ஒட்டப் போகிறீர்கள் என்றால் பட்டையைக் கூட்டுங்கள், பக்கத்தைக் குறையுங்கள்.

முதுகுக்கு 11 செ.மீ. அகலக் காலிகோ துணி (புத்தகம் கட்டப் பயன்படும் கெட்டிப் பருத்தித் துணி). அதன் நடுவில் 3 செ.மீ. அகல சார்ட் அட்டைப் பட்டையை ஒட்டுங்கள். அதன் இருபுறமும் 8 மி.மீ. இடைவெளி விட்டு 2 மி.மீ. மேலட்டைகளை ஒட்டுங்கள். இந்த இடைவெளி இல்லாவிட்டால் அட்டை திறக்காது. முதுகுப் பட்டையில் 6 மி.மீ.க்கு ஒரு வரிசையாக ஐந்து வரிசை. வரிசைக்கு மூன்று துளை. நடுவில் ஒன்று, மேலும் கீழும் விளிம்பிலிருந்து 3 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. பாரத்தின் மடிப்பிலும் அதே அளவில் குத்தூசியால் துளையிடுங்கள்.

வரிசைக்கு ஒரு பாரமாக வைத்து, பாரத்தையும் முதுகையும் சேர்த்துத் தையுங்கள். மெழுகு தேய்த்த இரட்டை நூலை நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே விடுங்கள். மேல் துளையில் உள்ளே வந்து, நடுவைத் தாண்டி, கீழ்த் துளையில் வெளியேறி, மறுபடி நடுத்துளையில் உள்ளே வாருங்கள். நூலின் இரு முனையும் உள்ளே ஓடும் நீள நூலின் இரு பக்கமும் இருக்கும்படி வைத்து முடிச்சிடுங்கள். இரண்டும் ஒரே பக்கம் விழுந்தால் தையல் தளரும்.

பஸ் டிக்கெட்டுகள் ஆறே மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிட்டன. லேமினேஷன் செய்தால் நிற்குமா?
– வாசகர், திருநெல்வேலி

செய்யாதீர்கள், மொத்தமும் கருகிவிடும். அது மையில் அச்சிட்டது அல்ல. தாளின் மேல்பூச்சு சூடுபட்டுக் கறுப்பதுதான் எழுத்தாகத் தெரிகிறது. நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அந்தத் தாள்தான். வெயில், பசை, பி.வி.சி. உறை, கையில் தடவும் சானிடைசர் எல்லாமே அந்த எழுத்தைக் கெடுக்கும். வாங்கிய வாரத்திலேயே ஜெராக்ஸ் எடுத்து, அந்தப் பிரதியை ஒட்டுங்கள். அசலை, நோட்டில் ஒட்டிய காகித உறைக்குள் பசையில்லாமல் செருகி வையுங்கள். முன்பே வெளுத்தவற்றுக்குப் பக்கத்தில் தேதி, வழித்தடம், கட்டணம் ஆகியவற்றை நினைவிருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

தனுஷ்கோடி மணல், சிப்பி, பவளத்துண்டு ஆகியவற்றை நோட்டில் வைக்கலாமா?
– வாசகி, மதுரை

பவளத்தை எடுக்கவே கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 அதைக் காக்கிறது. கரையில் உடைந்து கிடந்தாலும் தொடாதீர்கள். சிப்பி நோட்டுக்குப் பகை. கனத்தால் எதிர்ப்பக்கத்தைக் குழியாக்கும். அளவெடுத்து வரைந்து வைப்பதே மேல்.

மணல் ஒரு தேக்கரண்டி போதும். கடல் மணலில் உப்பு இருக்கிறது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் தாளில் கறையும் பூஞ்சையும் உண்டாக்கும். மூன்று நான்கு முறை நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு நாள் வெயிலில் காய வைத்து, பட்டர் பேப்பரில் சின்ன உறை செய்து அதில் போடுங்கள். உறையின் மூன்று ஓரத்தையும் இரண்டு மடிப்பு மடித்து ஒட்டினால்தான் மணல் கசியாது.

ஃபெவிகால் தடவினால் பக்கம் அலை அலையாக நெளிகிறதே?
– வாசகர், கரூர்

பசையிலுள்ள தண்ணீரைக் குடித்து நார் உப்புகிறது. படத்துக்குப் பசைக்குச்சியே போதும். ஃபெவிகால்தான் வேண்டுமென்றால் தூரிகையால் மெல்லிசாக, படத்தின் பின்புறம் மட்டும், நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுங்கள். மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து மூடி, கனமான புத்தகங்களை இரவு முழுக்க ஏற்றி வையுங்கள். செல்லோடேப் மட்டும் வேண்டவே வேண்டாம். சில ஆண்டுகளில் டேப் உரிந்து விழும், அதன் பசை மட்டும் மஞ்சள் கறையாகத் தாளில் தங்கிவிடும். அந்தக் கறை போகாது.