கையில் 600 பெயர்: இதில் நமக்குத் தெரிந்தவர் யார்?

கேள்வி: கோவையில் தொழிற்சாலைகளுக்குப் பராமரிப்பு மென்பொருள் விற்கிறேன். கண்காட்சியில் வாங்கிய விசிட்டிங் கார்டுகளையெல்லாம் எக்செல்லில் ஏற்றியதில் 600 பெயர் சேர்ந்திருக்கிறது. லிங்க்ட்இன்னில் எனக்கு 2,000 தொடர்புகள். இந்த 600-இல் எனக்கு ஏற்கெனவே தெரிந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடாமல் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் லிங்க்ட்இன்னில் ஆரம்பிக்காதீர்கள், உங்கள் போனில் ஆரம்பியுங்கள். நம் ஊர் வியாபாரத்தில் உண்மையான பழக்கம் போன் நம்பரில்தான் இருக்கிறது.

கூகுள் கான்டாக்ட்ஸைக் கணினியில் திறந்து, எக்செல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். இதில் பெயரை வைத்துத் தேடிப் பயனில்லை. 'ரவி சார் பம்ப்' என்றுதானே சேமித்திருப்போம்! நம்பரை வைத்துத் தேடுங்கள். ஒரு இடத்தில் +91 இருக்கும், இன்னொரு இடத்தில் முன்னால் சைபர், நடுவில் இடைவெளி. இரண்டு பட்டியலிலும் 'சப்ஸ்டிட்யூட்' ஃபார்முலாவால் இடைவெளியையும் கோடுகளையும் நீக்கி, 'ரைட்' ஃபார்முலாவால் கடைசி 10 இலக்கத்தை மட்டும் எடுங்கள். அப்புறம், ஒரு பட்டியலில் இருப்பதை இன்னொன்றில் தேடித்தரும் 'விலுக்அப்' ஃபார்முலாவைப் போடுங்கள். 'ரைட்' தருவது எப்போதும் டெக்ஸ்ட் வடிவம் என்பது கூடுதல் வசதி. ஒரு பக்கம் எண்ணாகவும் மறுபக்கம் டெக்ஸ்டாகவும் இருந்தால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற நம்பரைக்கூட எக்செல் இல்லை என்று சொல்லிவிடும். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

அடுத்து லிங்க்ட்இன். செட்டிங்ஸில் டேட்டா பிரைவசி பகுதியில் உங்கள் தரவின் நகலைக் கேட்கலாம். 'கனெக்‌ஷன்ஸ்' மட்டும் டிக் செய்தால் போதும். பெயர், நிறுவனம், பதவி, இணைந்த தேதி எல்லாம் வரும். மின்னஞ்சல் பெரும்பாலும் காலியாக இருக்கும், அதைக் காட்டுவது அவரவர் அனுமதியைப் பொறுத்தது. கோப்பின் தலையில் சில வரி குறிப்பு இருந்தால் அழித்துவிடுங்கள்.

இங்கே பெயரைப் பெயரோடு பொருத்தினால் சறுக்குவீர்கள். கார்டில் 'எஸ். கார்த்திகேயன்' என்று இருப்பவர், லிங்க்ட்இன்னில் இனிஷியலைக் கடைசியில் போட்டிருப்பார், அல்லது அப்பா பெயரை முழுசாக எழுதியிருப்பார். லட்சுமியை ஆங்கிலத்தில் 'கே எஸ் ஹெச்' போட்டு எழுதுகிறவரும் உண்டு, 'எக்ஸ்' போட்டு எழுதுகிறவரும் உண்டு. மூர்த்திக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் என்று எண்ணி மாளாது.

அதனால் நிறுவனத்தை முதலில் பொருத்துங்கள். 'பிரைவேட் லிமிடெட்', 'அண்ட் கோ', புள்ளி, கமா எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். ஒரு நிறுவனம் சிக்கியதும் அங்கே உங்களுக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கார்டு கொடுத்தவரே அதில் இருந்தால் நல்லது. அவர் இல்லாமல் அதே கம்பெனியின் பர்ச்சேஸ் ஆள் ஒருவர் உங்கள் தொடர்பில் இருந்தால், என்னைக் கேட்டால் அதுதான் பெரிய லாபம். பராமரிப்பு மேலாளரிடம் உங்களை அழைத்துப்போக உள்ளேயே ஒருவர் கிடைத்துவிட்டார்.

மிச்சத்துக்கு எக்செல்லில் பட்டியல்களை இணைக்க உதவும் பவர் க்வெரி வசதியில் 'ஃபஸி மேட்ச்' உண்டு. ஏறக்குறைய ஒத்துப்போவதையும் அது பிடித்துத் தரும். எவ்வளவு ஒத்திருந்தால் போதும் என்பதற்கு அதன் வழக்கமான அளவு 1-க்கு 0.8. ஆனால் முடிவைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும். சாமி பெயரில் நிறுவனங்கள் நம்மிடம் ஏராளம். 'ஸ்ரீ முருகன்' என்று தொடங்கும் இரண்டு வேறு கம்பெனிகளை அது ஒன்றாக்கிவிடக்கூடும்.

பழைய வாடிக்கையாளர்கள் உங்கள் டேலி கணக்கு மென்பொருளில் இருந்தால், ஜிஎஸ்டி எண்ணால் பொருத்துங்கள். அதன் 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. அடுத்த 10 எழுத்து பான் எண். அதை மட்டும் 'மிட்' ஃபார்முலாவால் எடுத்தால், ஓசூர் ஆலையும் பெங்களூர் அலுவலகமும் ஒரே நிறுவனம் என்பது தெரிந்துவிடும்.

இதையெல்லாம் தானாகச் செய்து தருகிறோம் என்று சொல்லும் பிரவுசர் நீட்சிகளிடம் போகாதீர்கள். லிங்க்ட்இன் விதிப்படி தானியங்கிக் கருவிகளால் தகவல் உறிஞ்சுவது கூடாது, கணக்கை முடக்கிவிடுவார்கள். அதைவிட முக்கியம், அந்த நம்பர்கள், கார்டு கொடுத்தவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தவை. அவற்றை முகம் தெரியாத தளத்தில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியாது.

பொருந்திய பெயர்களுக்குப் பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை போட்டு உங்கள் கையால் நிரப்புங்கள்: 'போன் செய்தால் எடுப்பார்', 'முகம் ஞாபகம் இருக்கும்', 'எப்படி இணைந்தோம் என்றே தெரியாது'. முதல் வகையில் இருப்பவர்களை நாளைக்கே கூப்பிடுங்கள். ஆனால் அறிமுகம் கேட்பதற்கு முன்னால், "இன்னும் அங்கேதான் இருக்கீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். வேலை மாறியும் லிங்க்ட்இன்னில் மாற்றாதவர்கள் நிறைய.